கடை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தால் உங்கள் லயபிலிட்டி பாலிசி கைகொடுக்குமா?

கேள்வி: அட்லாண்டா பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த ஒரு கடையை நானும் என் மச்சானும் வாங்கப் போகிறோம். மற்றவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொறுப்பேற்கும் ஜெனரல் லயபிலிட்டி பாலிசிக்கு, 1 மில்லியன் டாலருக்குக் குவோட் வந்திருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ‘அசால்ட் அண்ட் பேட்டரி எக்ஸ்க்ளூஷன்’ என்று ஒரு வரி. வெளியாள் எவனோ வந்து எங்கள் வாடிக்கையாளரைச் சுட்டால் அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? அந்த வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்:

கவலைப்பட வேண்டும். தாக்குதலால் வரும் காயத்துக்குக் கவரேஜ் இல்லை என்ற விலக்குதான் அந்த வரி. அது அப்படியே பாலிசியில் ஏறினால், உங்கள் வாசலில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கு அந்த 1 மில்லியனிலிருந்து ஒரு டாலர்கூட வராது. இழப்பீடு மட்டும் இல்லை, வழக்கை நடத்தும் வக்கீல் செலவும் உங்கள் தலையில்தான் விழும். ஜார்ஜியாவில் கடை, மோட்டல், பார் வைத்திருப்பவர்களுக்கு பாலிசி பிடித்துத் தருவது என் வேலை. வக்கீல் இல்லை; ஆகவே கீழே இருப்பதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான விளக்கமாகப் படியுங்கள்.

முதலில் ‘நாங்கள் எப்படிப் பொறுப்பு’ என்ற கேள்வி. சுட்டவன் குற்றவாளி, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவனிடம் பணம் இருக்காது, பெரும்பாலும் ஆளே பிடிபட மாட்டான். காயம்பட்டவரின் வக்கீல் உங்களைத் தேடி வருவார். ‘இந்த இடத்தில் முன்பும் இப்படி நடந்திருக்கிறது, உரிமையாளருக்குத் தெரியும், தெரிந்தும் விளக்குப் போடவில்லை, காவலாள் வைக்கவில்லை’ என்பது அவர் வாதம். இதை இங்கே நெக்லிஜென்ட் செக்யூரிட்டி வழக்கு என்பார்கள். இதன் அளவு புரிய, அட்லாண்டாவில் மோர்லேண்ட் அவென்யூ சி.வி.எஸ். மருந்துக் கடை வழக்கைப் பாருங்கள். 2012 டிசம்பரில் ஒருவர் தன் ஐபேடை விற்பதற்காக வாங்குபவரைச் சந்திக்க அந்தக் கடையின் பார்க்கிங்குக்குப் போனார். அங்கே வழிப்பறி, துப்பாக்கிச் சூடு, அவர் படுகாயமடைந்தார். 2019-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பு 42.75 மில்லியன் டாலர். பொறுப்பில் 95 சதவீதம் சி.வி.எஸ். மேல், 5 சதவீதம் காயம்பட்டவர் மேல். சுட்டவன் மேல் பூஜ்யம். 2023-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. இத்தனைக்கும் அவர் அன்று சி.வி.எஸ்.ஸில் பெரிதாக எதுவும் வாங்க வந்தவர்கூட இல்லை.

இப்படிப்பட்ட தீர்ப்புகள் வருகிற ஊரில் இன்சூரன்ஸ் கம்பெனி என்ன செய்யும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஒன்று பிரீமியத்தை ஏற்றும், இல்லையென்றால் அந்த ஆபத்தையே வெட்டி வெளியே போடும். உங்கள் குவோட் இரண்டாவது வகை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகளே இதில் குழப்புவார்கள். அமெரிக்கா முழுக்கப் பெரும்பாலான கம்பெனிகள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் படிவம், இன்சூரன்ஸ் படிவங்களைத் தயாரிக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பின் சி.ஜி. 00 01. அதில் வேண்டுமென்றே செய்த காயத்துக்குக் கவரேஜ் இல்லை என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் யார் வேண்டுமென்றே செய்தது என்பதுதான் கேள்வி. படிவம் அதை ‘பாலிசிதாரரின் நிலையிலிருந்து’ பார்க்கச் சொல்கிறது. எவனோ ஒருவன் உங்கள் வாடிக்கையாளரைச் சுட்டதை நீங்கள் எதிர்பார்க்கவும் இல்லை, விரும்பவும் இல்லை; உங்கள் நிலையிலிருந்து அது விபத்துதான். எனவே அந்த அடிப்படைப் படிவத்தோடு மட்டும் ஒரு பாலிசி இருந்தால், வெளியாள் நடத்திய தாக்குதலுக்காக உங்கள் மேல் வரும் கவனக்குறைவு வழக்கைக் கம்பெனி எடுத்து நடத்தியாக வேண்டும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ‘ஜெனரல் லயபிலிட்டியில் எல்லாம் கவர் ஆகும் சார்’ என்று உங்கள் ஏஜென்ட் சொன்னால் அவர் இந்தப் படிவத்தை மனதில் வைத்துச் சொல்கிறார். பின்னால் ஒட்டப்படும் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியின் விதிகளைத் திருத்தும் இணைப்புத் தாள், அதை மாற்றிவிடுகிறது.

அந்த எண்டார்ஸ்மென்ட் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறும், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். மேலே, ‘தாக்குதலிலிருந்து எழும்’ எந்தக் காயத்துக்கும் இந்தப் பாலிசி பொருந்தாது என்று ஒரு வாக்கியம். அதற்குக் கீழே வரிசை: தாக்கியது நீங்களா, உங்கள் ஊழியரா, வாடிக்கையாளரா, வழிப்போக்கனா என்பது பொருட்டில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியது, நிறுத்தத் தவறியது, எச்சரிக்கத் தவறியது, போலீஸைக் கூப்பிடத் தவறியது, காயம்பட்டவருக்கு உதவத் தவறியது, எல்லாம் வெளியே. ஊழியரைச் சரியாகப் பார்த்து வேலைக்கு எடுக்கவில்லை, பயிற்சி தரவில்லை, கண்காணிக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் வெளியே. கடைசியில் ஒரு வாக்கியம்: இந்த வழக்குகளில் உங்களுக்காக வாதாடும் கடமையும் எங்களுக்கு இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் மனுவில் என்னென்ன எழுதுவார் என்று யோசித்து, அத்தனைக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்த தாள் அது. ‘வெளிச்சம் போதவில்லை’ என்று வழக்குப் போட்டாலும், ‘கேமரா ஓடவில்லை’ என்று போட்டாலும், காயம் தாக்குதலால் வந்ததா என்ற ஒரே கேள்வியைத்தான் கம்பெனி கேட்கும்.

நியூயார்க்கின் உச்ச நிலை நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1996-லேயே இதைச் சொல்லிவிட்டது. மவுண்ட் வெர்னன் ஃபயர் இன்சூரன்ஸ் எதிர் கிரியேட்டிவ் ஹவுசிங் என்ற வழக்கு. குடியிருப்புக் கட்டடத்தில் ஒருவர் தாக்கப்பட்டார். பாதுகாப்பு போதவில்லை என்று உரிமையாளர் மேல் வழக்கு. வழக்கு கவனக்குறைவு பற்றியதே, தாக்குதல் பற்றியதில்லை என்று உரிமையாளர் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாக்குதல் நடந்திருக்காவிட்டால் இந்த வழக்கே இருந்திருக்குமா? இருந்திருக்காது. அப்படியானால் விலக்கு பொருந்தும். தாக்கியவர் பாலிசிதாரரின் ஆளா, அந்நியரா என்பது முக்கியமில்லை. இதே வழியில்தான் பல மாநில நீதிமன்றங்களும் போகின்றன. ஓடி ஒளியும்போது விழுந்த ஆள், குறி தவறிய தோட்டா, தாக்குதலுக்கும் காயத்துக்கும் நடுவே வேறு காரணம் நுழைந்த சம்பவம் என்று விளிம்பில் இருப்பவற்றில் மட்டும் இழுபறி நடக்கும். அந்த இழுபறியை நம்பிக் கடை நடத்த முடியாது.

மோட்டல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது இன்னும் ஒரு படி அதிகம். ஆள் கடத்தி வந்து அறையில் அடைத்து வைத்த வழக்குகளில், அதைக் கண்டும் காணாமல் இருந்து வாடகை வாங்கினார்கள் என்று விடுதி உரிமையாளர்கள் மேல் இப்போது தொடர்ந்து வழக்குகள் வருகின்றன. கூட்டாட்சிச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு மோட்டல் மேல் அப்படி ஒரு வழக்கு வந்தபோது, இந்தத் தாக்குதல் விலக்கைக் காட்டியே நாட்டிலஸ் என்ற கம்பெனி வாதாட மறுத்தது. 2019-ல் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இப்போது பல மோட்டல் பாலிசிகளில் ஆள் கடத்தலுக்கென்றே தனி விலக்கும் சேர்ந்து வருகிறது.

சரி, குவோட்டில் எக்ஸ்க்ளூஷன் என்று இல்லாமல் ‘லிமிடெட் அசால்ட் அண்ட் பேட்டரி கவரேஜ்’ என்று இருந்தால்? இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 25,000 / 50,000 என்று இருக்கும். ஒரு சம்பவத்துக்கு 25,000, வருடம் முழுவதற்கும் 50,000. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், வக்கீல் செலவும் இந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம் என்று இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 டாலர் வாங்கும் வக்கீல் 100 மணி நேரம் உழைத்தால் 25,000 காலி. ஒரு துப்பாக்கிச் சூடு வழக்கில் சாட்சிகளை விசாரித்து முடிப்பதற்குள்ளேயே அந்த 100 மணி நேரம் ஓடிவிடும். பணம் தீர்ந்ததும் கம்பெனி கை கழுவும், வழக்கு பாதியில் உங்கள் மடியில். என் அபிப்பிராயம், வக்கீல் செலவு உள்ளே அடங்கிய 25,000 என்பது கவரேஜே இல்லை. ‘கவரேஜ் இருக்கிறது’ என்று தாளில் காட்டிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். வக்கீல் செலவு வெளியே, சப்லிமிட் (தாக்குதலுக்கு மட்டும் வைக்கும் தனி உச்சவரம்பு) 3 லட்சமோ 5 லட்சமோ என்றால் பேச்சே வேறு. முழு 1 மில்லியனுக்கும் கிடைக்கலாம், ஆனால் உங்கள் கடை இருக்கும் தெருவைப் பொறுத்து பிரீமியம் கண்ணைக் கட்டும். இந்த ஆபத்துக்கு இன்சூரன்ஸே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். 2017 அக்டோபர் 1 லாஸ் வேகாஸ் துப்பாக்கிச் சூட்டுக்காக எம்.ஜி.எம். நிறுவனம் செய்துகொண்ட 800 மில்லியன் டாலர் சமரசத்தில் 751 மில்லியன் இன்சூரன்ஸிலிருந்து வந்தது. விலை கொடுப்பவருக்குக் கிடைக்கும்.

தாக்குதல் விலக்கை நீக்கிவிட்டாலும் வேலை முடியவில்லை. அதே பாலிசியில் ஃபயர்ஆர்ம்ஸ் எக்ஸ்க்ளூஷன் என்று இன்னொரு தாள் இருக்கலாம். தாக்குதலுக்கு 3 லட்சம் என்று ஒரு கையால் கொடுத்து, துப்பாக்கியால் வந்த காயம் எதற்கும் இல்லை என்று மறு கையால் எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் துப்பாக்கி இல்லாத தாக்குதலுக்கு மட்டும்தான் கவரேஜ் மிஞ்சும். கவுண்டருக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அடிப்படைப் படிவத்தில், ஆளையோ உடைமையையோ காப்பாற்ற நியாயமான அளவு பலம் பயன்படுத்தினால் அந்தக் காயம் விலக்கில் வராது என்று ஒரு சலுகை உண்டு. பல எண்டார்ஸ்மென்ட்கள் அந்தச் சலுகையையும் பெயர் சொல்லி எடுத்துவிடுகின்றன. உங்கள் ஊழியர் கொள்ளைக்காரனை நோக்கிச் சுட்டு, குண்டு பால் வாங்க வந்த அம்மாள் மேல் பாய்ந்தால், அந்த வழக்கில் நீங்கள் தனி ஆள்.

பீர், வைன் விற்கிறீர்கள் என்றால் மது விற்பனையால் வரும் வழக்குகளுக்கான லிக்கர் லயபிலிட்டி தனியாக எடுப்பீர்கள். அதிலும் இதே தாக்குதல் விலக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே, முதல் பாலிசியின் தொகை தீர்ந்த பிறகு கைகொடுக்கும் அம்ப்ரெல்லா பாலிசி 2 மில்லியனுக்கு எடுத்தால் காப்பாற்றுமா என்றால், கீழே உள்ள பாலிசியில் எது விலக்கோ அது அம்ப்ரெல்லாவிலும் விலக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கவுண்டரில் நிற்பவர் சுடப்பட்டால் அது வேறு பாதை. ஊழியருக்கு வேலையில் ஏற்படும் காயம் ஜெனரல் லயபிலிட்டியில் எப்போதுமே கிடையாது, அது வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன் பாலிசிக்குப் போகும். ஜார்ஜியாவில் 3 பேருக்கு மேல் அல்லது 3 பேர் வேலை செய்தாலே அது கட்டாயம். நம்மவர்கள் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: பிரீமியம் குறையும் என்று உரிமையாளர்கள் தங்களை அந்தப் பாலிசியிலிருந்து விலக்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு இரவு ஷிஃப்டில் ஆள் வரவில்லை என்று அவர்களே கவுண்டரில் நிற்பார்கள். நீங்களோ மச்சானோ நிற்பதாக இருந்தால் அந்த விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லாவில் போன பணம் கிரைம் பாலிசி விஷயம், அது சின்னப் பிரச்சினை.

செக்யூரிட்டி கம்பெனியிடம் காவலாள் எடுத்தால் பொறுப்பு அவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவர்கள் பாலிசியில் உங்களை ‘அடிஷனல் இன்ஷ்யூர்டு’ (அந்தப் பாலிசியின் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு) ஆகச் சேர்த்து ஒரு சர்டிஃபிகேட் தருவார்கள். அக்கார்டு 25 என்ற ஒரு பக்கத் தாள். அதில் லிமிட் எவ்வளவு, தேதி என்ன என்று இருக்கும், விலக்குகள் இருக்காது. அந்தச் செக்யூரிட்டி கம்பெனியின் பாலிசியிலேயே தாக்குதல் விலக்கு இருந்தால்? காவல் காப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிக்கு அப்படி ஒரு பாலிசியா என்று சிரிப்பு வரும், ஆனால் இருக்கிறது. ஆகவே சர்டிஃபிகேட்டோடு நிற்காமல் அவர்கள் பாலிசியின் எண்டார்ஸ்மென்ட் பட்டியலைக் கேளுங்கள். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: உங்கள் இடத்தின் உரிமையாளரும் லீஸில் உங்களிடம் 1 மில்லியன் கவரேஜ் கேட்டிருப்பார். அவருக்கு நீங்கள் கொடுக்கப் போவதும் அதே ஒரு பக்கத் தாள்தான். நாளை வழக்கு வந்து, உங்கள் பாலிசி அவரையும் காப்பாற்றவில்லை என்றால் லீஸ் ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று அவரும் உங்கள் மேல் திரும்பலாம்.

சமீபத்தில் சட்டம் மாறிவிட்டதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். 2025 ஏப்ரல் 21 அன்று ஜார்ஜியா ஆளுநர் பிரையன் கெம்ப் எஸ்.பி. 68 மசோதாவில் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு நடக்கும் சம்பவங்களில், குற்றம் நடக்கும் என்று உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் குறிப்பான காரணம் இருந்தது என்று வாதி காட்ட வேண்டும்; உரிமையாளர் மேல் சுமத்தும் பங்கு, குற்றவாளியின் பங்கைவிட அதிகமாக இருந்தால் அது நியாயமற்றது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். சி.வி.எஸ். வழக்கின் பூஜ்யம் சதவீதம் இனிமேல் எளிதில் வராது. கடைக்காரர்களுக்கு நல்லதுதான். ஆனால் வழக்கே வராது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வழக்கை ஜெயிப்பதற்கும் வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். கவரேஜ் இல்லாதவருக்கு ஜெயித்த வழக்கும் நஷ்டமே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குவோட்டோடு வரும் ‘ஃபார்ம்ஸ் ஷெட்யூல்’ என்ற பட்டியலைக் கையில் எடுங்கள். எண்ணும் பெயருமாக முப்பது நாற்பது தாள்களின் பட்டியல் இருக்கும். அதில் அசால்ட், பேட்டரி, வெப்பன்ஸ், ஃபயர்ஆர்ம்ஸ், அப்யூஸ் (துன்புறுத்தல்), டெசிக்னேட்டட் பிரெமிசஸ் (குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் கவரேஜ்) என்று வருகிற ஒவ்வொன்றின் முழுப் பக்கத்தையும் பணம் கட்டும் முன் அனுப்பச் சொல்லுங்கள். பாலிசி இஷ்யூ ஆன பிறகு வரும் என்று சொன்னால், மாதிரிப் படிவம் இப்போதே கிடைக்கும் என்று பதில் சொல்லுங்கள், கிடைக்கும். உங்கள் குவோட் சர்ப்ளஸ் லைன்ஸ் கம்பெனியிடமிருந்து, அதாவது வழக்கமான கம்பெனிகள் எடுக்கத் தயங்கும் ஆபத்துகளை எடுக்கும் கம்பெனியிடமிருந்து, வந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் படிவங்களை மாநில அரசு முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் தருவதில்லை, கம்பெனி திவாலானால் மாநில கேரண்டி ஃபண்டும் கிடையாது. தவறான கம்பெனிகள் என்று சொல்லவில்லை, உங்கள் மாதிரிக் கடைகளை எடுப்பவர்களே அவர்கள்தான். அதனால்தான் படித்தாக வேண்டும். விலக்கை நீக்க எவ்வளவு, 3 லட்சம் சப்லிமிட்டுக்கு எவ்வளவு, வக்கீல் செலவு வெளியே என்றால் எவ்வளவு என்று மூன்று விலை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, கடையை வாங்கும் முன்னரே செய்ய வேண்டியது. அந்த முகவரிக்குக் கடந்த 3 வருடங்களில் போலீஸ் வந்த பதிவுகளை ஓப்பன் ரெக்கார்ட்ஸ் மனு (அரசுப் பதிவுகளைக் கேட்கும் மனு) போட்டு உள்ளூர்ப் போலீஸிடம் வாங்குங்கள். விற்பவரிடம் லாஸ் ரன், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பழைய க்ளைம் பட்டியல், கேளுங்கள். இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் முன்பு தாக்குதல் சம்பவம் உண்டா என்ற கேள்வி வரும். தெரியாமல் ‘இல்லை’ என்று டிக் அடித்து, பிறகு அது முக்கியமான தவறான தகவல் என்று நிரூபணமானால் பாலிசியே நிற்காது. நாளை எதிர்த்தரப்பு வக்கீல் ஜூரி முன் வைக்கப் போவதும் அதே பதிவுகளைத்தான். அவற்றில் பத்துப் பக்கம் இருந்தால் கடை விலையைக் குறைக்கச் சொல்லவும் உதவும். விளக்கு, கேமரா, கல்லாவில் இருக்கும் பணத்தின் அளவு, இவற்றுக்குச் செய்யும் செலவைத் தேதியோடு பில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் கேமரா இருக்கிறது என்று எழுதினால் அது ஓட வேண்டும்.

சம்பவம் நடந்துவிட்டால், எப்படியும் கவர் ஆகாது என்று நீங்களே முடிவு கட்டி சும்மா இருக்காதீர்கள். அன்றே எழுத்தில் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்; அம்ப்ரெல்லா, லிக்கர், செக்யூரிட்டி கம்பெனியின் பாலிசி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. ஜார்ஜியாவில் காரணமில்லாத தாமதமே கவரேஜை இழக்கப் போதும். கேமரா பதிவு தானாக அழிவதற்குள் பிரதி எடுத்து வையுங்கள். ‘ரிசர்வேஷன் ஆஃப் ரைட்ஸ்’ என்று கடிதம் வந்தால், வக்கீலை வைக்கிறோம், ஆனால் பிறகு விலகவும் கூடும் என்று அர்த்தம். பொறுப்பு இல்லை என்று அறிவிக்கச் சொல்லி உங்கள் மேலேயே ஃபெடரல் நீதிமன்றத்தில் அவர்கள் வழக்குத் தொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அந்தக் கடிதம் வந்த நாளிலேயே, கம்பெனி கொடுத்த வக்கீல் போக, கவரேஜ் வழக்குகள் பார்க்கும் உங்கள் சொந்த வக்கீல் ஒருவரிடம் பாலிசியைக் காட்டுங்கள்.

பழைய பாலிசிகளைத் தூக்கி எறியாதீர்கள். சுடப்பட்ட தேதியில் எந்தப் பாலிசி இருந்ததோ அதுதான் பதில் சொல்லும். ஜார்ஜியாவில் காயத்துக்கு வழக்குப் போட 2 வருடக் கெடு என்றாலும், குற்றத்தால் காயம்பட்டவருக்குக் குற்ற வழக்கு முடியும்வரை, அதிகபட்சம் 6 வருடம், அந்தக் கெடு ஓடாமல் நிற்கும். கடையை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போன பிறகும் சம்மன் வரலாம்.